பான் ஹென்ரிக்கின் காளான் காடு

நீங்க போன்ல அம்மாகிட்டப் பேசினது கேட்டுச்சு தம்பி. "ரயில் ஏறிட்டேன், வெளிய பச்சப்பசேல்னு இருக்கு"ன்னு சொன்னீங்கள்லா, அதான் அந்தப் பக்கம் இருந்தவன் எந்திரிச்சு இங்க வந்து உக்காந்துட்டேன். மால்போர்க்ல இறங்கணுமா? நல்லதாப் போச்சு. நான் க்தான்ஸ்க். பாஸ்போர்ட் புதுப்பிக்க வார்சா வந்தேன், வேலை முடிஞ்சுது. ரெண்டு மணி நேரத்துக்குப் பேச ஒரு ஆள் கெடச்சுது.

மெதுவாப் பேசணுமாம். அந்தக் கதவுல படம் ஒட்டிருக்கு பாருங்க, உதட்டுல விரல வச்சு. அதுக்குத்தான் ஜன்னலோரத்து அம்மா நம்மளையே பாக்குது. பாக்கட்டும். ஆறு வருசமா இருக்கேன் இந்த நாட்டுல, பேசுதது ஒரு குத்தம்.

என் பேரு ஆவுடையப்பன். ஆறுமுகநேரி. கப்பல் கட்டுற யார்டுல வெல்டரா இருக்கேன். நீங்க மரச்சாமான் கம்பெனியா? சரி. புதுசா வந்திருக்கீங்க, ரெண்டு விசயம் சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. ஒண்ணு சாப்பாடு. இன்னொண்ணு சனம்.

சாப்பாட்ட முதல்ல சொல்லிடுதேன். புளிச்ச மாவக் கரைச்சு ஒரு சூப் வைப்பாங்க, ஜூரெக்னு பேரு. நம்ம வீட்ல மாவு அந்த அளவு புளிச்சா கீழ கொட்டிருவோம். இங்க அதுல அவிச்ச முட்டையப் போட்டு விருந்துக்கு வைக்காங்க. கொழுக்கட்டை இருக்கு, பெரோகிம்பாங்க. உள்ள தேங்காயும் சக்கரையும் இருக்கும்னு ஆசையாக் கடிச்சா உருளைக்கிழங்கு. எல்லாத்து மேலயும் ஒரு தழையத் தூவிடுவாங்க. பாக்க மல்லித்தழை மாதிரி இருக்கும், வாசம் வேற. உறைப்புன்னு ஒண்ணு உலகத்துல இருக்கதே இவங்களுக்குத் தெரியாது.

சனத்துக்கு வாங்க. சிரிக்க மாட்டாங்க. நீங்க சிரிச்சீங்கன்னா, எதுக்குச் சிரிக்கான்னு பின்னால திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் முக்கியமா, எப்படி இருக்கீங்கன்னு யாரையும் கேட்டுராதீங்க. கேட்டா சொல்லிருவாங்க. எங்க ஃபோர்மேன ஒரு நாள் காலையில மரியாதைக்குக் கேட்டேன். முட்டி வலி, மகளுக்கு விவாகரத்து, வீட்டுக் கூரை ஒழுகுது, எல்லாம் பத்து நிமிசம் சொன்னாரு. முடிச்சுட்டு, நீ எப்படி இருக்கன்னாரு. நல்லா இருக்கேன்னேன். என்னமோ நான் அவர ஏமாத்திட்ட மாதிரி ஒரு பார்வை பாத்தாரு. அன்னைக்கி எனக்குக் காய்ச்சல்தான், அது வேற விசயம். அத எதுக்கு அவருகிட்டச் சொல்லணும்?

மனசுல எதையும் வச்சுக்கிட மாட்டாங்கன்னு நினைச்சுறாதீங்க. வச்சுக்கிடுவாங்க. ஒரு காளானுக்காக எங்கிட்டப் பேச்ச நிப்பாட்டின மனுசன் கதையச் சொன்னா உங்களுக்கு விளங்கும்.

நான் இருக்கது நாலாவது மாடி. எதிர்வீட்ல ஒருத்தர், பான் ஹென்ரிக். பான்னா நம்ம ஐயா மாதிரி, மரியாதைக்குச் சேத்துக்கிடணும். டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, எழுபது வயசு தாண்டிருக்கும். சம்சாரம் இறந்துபோச்சு. ஒரே மக ஏவா, அயர்லாந்துல. ஒண்ணரை வருசம் அவரு எங்கிட்டப் பேசினது ரெண்டே வார்த்தை. ஜென் தோப்ரி. வணக்கம்னு அர்த்தம். படியில ஏறும்போது ஒரு ஜென் தோப்ரி, இறங்கும்போது ஒரு ஜென் தோப்ரி. நம்ம ஊர்னா அதுக்குள்ள கொழுந்தியா எங்க கட்டிக் குடுத்திருக்கு வரைக்கும் கேட்டிருப்போம். நீங்க பேசுனீங்களான்னு கேக்கீங்க. நான் எப்படிப் பேச? வயசுல பெரியவரு, அவருல்லா முதல்ல ஆரம்பிக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். ஊர்லேருந்து எங்க வீட்டம்மா பேச்சியம்மா குடுத்து விட்டது. ஜன்னல் எல்லாம் சாத்திட்டுத்தான் வறுத்தேன். அஞ்சு நிமிசத்துல பெல் அடிக்கி. தொறந்தா பான் ஹென்ரிக் நிக்காரு. தொலைஞ்சோம், போலீசக் கூப்பிடப் போறாருன்னு நினைச்சேன். "என்ன மீனு?"ன்னாரு.

காட்டினேன். ஒண்ண எடுத்து வாயில போட்டு மென்னாரு. "உப்பு ஜாஸ்தி"ன்னாரு. அவ்வளவுதான். ஒருத்தன் வீட்டு வாசல்ல நின்னு, அவன் வறுத்ததத் தின்னுட்டு, உப்பு ஜாஸ்திங்கிற ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா? ஆனா இன்னும் நாலு எடுத்துக்கிட்டாரு.

மறுவாரம் அவரு ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்து தந்தாரு. ஷ்லெஜ்னு ஒரு மீனு. வேகவைக்க மாட்டாங்க, பொரிக்க மாட்டாங்க. பச்சையா உப்புல ஊறப்போட்டு, எண்ணெயும் வெங்காயமும் சேத்து வைப்பாங்க. ஒரு துண்டு வாயில வச்சேன், அதுக்கு மேல ஆகல. மிச்சத்தக் குப்பையில போட்டு, ஜாடியக் கழுவிக் குடுத்துட்டு, "பிரமாதம், ரொம்ப நல்லாருந்துச்சு"ன்னேன். பின்ன, மனசு நோகச் சொல்ல முடியுமா? அன்னையிலேருந்து வெள்ளிக்கிழமை தவறாம ஒரு ஜாடி வந்துச்சு தம்பி. ஏழு மாசம். வெள்ளிக்கிழமை ஜாடி வரும், சனிக்கிழமை கீழ குப்பைத் தொட்டிக்குப் போகும், ஞாயித்துக்கிழமை பிரமாதம்னு சொல்லுவேன்.

அப்படிப் பழக்கமாச்சு. பாதி போலிஷ், பாதி கை சாடை. என் பேர அவரால சொல்ல முடியல, ஆவ்தேம்பாரு. அவரு வீட்டு பல்ப மாட்டிக் குடுப்பேன், எனக்கு வர்ற தபால அவரு படிச்சுச் சொல்லுவாரு.

அது ஆச்சு, போன வருசத்துக்கு முந்தின வருசம் செப்டம்பர். நாலு நாள் மழை பெஞ்சு விட்டுச்சு. வெள்ளிக்கிழமை ஜாடிக்குப் பதிலா ஒரு கூடையும் கத்தியும் எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. "நாளைக்கு நீ என்கூட வா. என் முட்டி தனியாப் போக விடாது"ன்னாரு. எங்கன்னு கேட்டேன். "காட்டுக்கு"ன்னாரு.

காலையில ஆறு மணி ரயில். சின்ன ஸ்டேஷன்ல இறங்கி நடந்தோம், நடந்தோம், அப்படி ஒரு நடை. வழியில கூடை வச்சுக்கிட்டு ரெண்டு மூணு பேர் எதிர்ல வந்தாங்க. அவங்களப் பாத்ததும் பான் ஹென்ரிக் பாதைய மாத்திட்டாரு. எதுக்குன்னு கேட்டா பேசாதங்காரு. அவங்க கண்ணுல மறையிற வரைக்கும் ஒரு மரத்தடியில உக்காந்து ரொட்டி தின்னோம். அப்புறம் வந்த வழியிலயே திரும்பி, ஒரு பள்ளத்துல இறங்கினோம்.

அங்க கெடந்துச்சு தம்பி. பாசி மெத்தை மாதிரி விரிஞ்சு கெடக்கு, அதுல தவிட்டு நெறத்துல குண்டு குண்டாத் தலைய நீட்டிக்கிட்டு. ப்ராவ்ஜிவெக்னு பேரு. நெசமானதுன்னு அர்த்தமாம். சின்னதத் தொடக் கூடாது, அடியோட பிடுங்கக் கூடாது, கத்தியால அறுத்துட்டு அந்த இடத்தப் பாசியால மூடி விடணும்னு செஞ்சு காட்டினாரு. எது விசம், எது நல்லதுன்னும் சொல்லித் தந்தாரு. கல்யாணம் ஆன வருசம் அவரு சம்சாரம் யாத்விகா கண்டுபிடிச்ச இடமாம். நாப்பத்தோரு வருசம் ரெண்டு பேருமா வந்திருக்காங்க. இத உலத்தி வச்சுத்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சூப் வைக்கணும், வேற காளான் ஆகாதாம். அந்தத் தடவ மக அஞ்சு வருசம் கழிச்சு வருதுன்னு சொன்னாரு. "இன்னைக்குத் திங்க எடுப்போம். ரெண்டு வாரம் விட்டு வந்தா சின்னதெல்லாம் பெருத்திருக்கும், அத உலத்தப் போடலாம்"ன்னாரு.

திரும்பும்போது நின்னு, விரல நீட்டி ஒரு வார்த்தை சொன்னாரு. "நிகோமு." யாருக்கும் சொல்லாதன்னு அர்த்தம். "நிகோமு, நிகோமு"ன்னு நானும் தலையாட்டிட்டேன். பெரியவங்க சொன்னா தலையாட்டுறதுதானே மரியாதை.

அன்னைக்கி மத்தியானம் அவரு வீட்ல வெண்ணெயில வதக்கி, கொஞ்சம் பாலாடை ஊத்தி, உப்பு மட்டும் போட்டுத் தந்தாரு. இந்த நாட்டுல வந்து நான் மிளகாப்பொடி தேடாமத் தின்ன சாப்பாடு அது ஒண்ணுதான். "எப்படி?"ன்னாரு. "பிரமாதம்"ன்னேன். என் மூஞ்சியவே பாத்துட்டு, "இந்தத் தடவ நெசந்தான்"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்பந்தான் தெரிஞ்சுது, ஷ்லெஜ் குப்பைக்குப் போறது அவருக்கு முதல் மாசமே தெரியும். ஒரே குப்பைத் தொட்டிதானே. "அப்ப எதுக்கு வாரா வாரம் குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். "நீ என்னைக்கி உண்மையச் சொல்லுவன்னு பாத்தேன்"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னைக்கித்தான் பாத்தேன். முன்பல்லு ஒண்ணு கெடையாது.

இப்ப நீங்க சொல்லுங்க. இவ்வளவு நல்ல விசயத்த ஒரு மனுசன் தனியா வச்சுக்கிட முடியுமா? யார்டுல நம்ம பிள்ளைக எட்டு பேரு. தூத்துக்குடி, ராம்நாடு, நாகப்பட்டினம். ஹாஸ்டல் ரூம்ல கோழியும் முட்டையும் தின்னு நாக்கு செத்துப்போய்க் கெடந்தாங்க. நம்ம ஆளுகளுக்கு ஒரு நல்லது தெரிஞ்சா சொல்லாம இருக்கது பாவம்லா. சவரிமுத்துன்னு தூத்துக்குடிப் பையன், அவங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். யாருக்கும் சொல்லாதன்னும் சொன்னேன். அவன் மறு ஞாயித்துக்கிழமை வேனோட வந்து நிக்கான், எட்டு பேரும் உள்ள.

அடுப்பு, சட்டி, அரிசி, மசாலா எல்லாம் எடுத்துட்டுப் போனோம். நல்ல நாள் அது, பொய் சொல்லக் கூடாது. பாட்டப் போட்டு, ஆட்டம் ஆடி, காளான் பிரியாணி வச்சு, பேப்பர் தட்டுல தின்னோம். எது நல்லதுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும், அதனால கண்ணுல கண்டதையெல்லாம் பிடுங்கி எங்கிட்டக் கொண்டுவந்து போட்டாங்க. நான் கழிக்க வேண்டியதக் கழிச்சேன். கத்தி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. சின்னத விட்டுருங்கடான்னு சொன்னேன். சொன்னேன், ஆனா எட்டு பேருக்குக் கேக்க மாதிரி சொன்னேனான்னு தெரியல.

அடுத்த சனிக்கிழமை பான் ஹென்ரிக் கூடையோட வந்து பெல் அடிச்சாரு. தலைவலின்னு சொல்லிப் பாத்தேன். "காத்து பட்டாச் சரியாயிரும், வா"ன்னாரு. என்ன செய்ய? போனேன்.

பள்ளத்துல இறங்கினதும் அவரு நின்னுட்டாரு. பாசி, பாய உருட்டி விட்ட மாதிரி புரண்டு கெடக்கு. கழிச்ச காளான் எல்லாம் அழுகி ஒரு குவியல். தட்டு நாலஞ்சு காத்துல பறந்து செடியில சிக்கிருக்கு. பிள்ளைக கூட்டி அள்ளிட்டோம்னுதான் சொன்னாங்க. முட்டி வலியோட குனிஞ்சு ஒண்ணொண்ணாப் பொறுக்கினாரு. நானும் பொறுக்கினேன். ஒரு மசாலாப் பாக்கெட் கெடந்துச்சு. எடுத்து, மண்ணத் தட்டி, எங்கிட்ட நீட்டினாரு. அதுல தமிழ் எழுத்து. எங்க அடுப்படியில எத்தனையோ நாள் பாத்த எழுத்துதான் அவருக்கு.

"இது உன் பாஷையா?"ன்னாரு.

"தெரியல"ன்னேன்.

பின்ன என்னத்தச் சொல்ல? ஆமான்னா சொல்ல முடியும்? அந்த நேரத்துல அவரு மனசு எவ்வளவு சங்கடப்படும்? அதத்தான் நான் நினைச்சேன்.

அவரு அந்தப் பாக்கெட்ட நாலா மடிச்சுக் கூடையில வச்சுக்கிட்டாரு. ரயில்ல எதிர் சீட்டுல உக்காந்து வந்தோம், ஒரு வார்த்தை கெடையாது. படியேறி அவரு கதவு வந்ததும் திரும்பிப் பாத்தாரு. ஏதோ கேக்கப் போறாருன்னு நினைச்சேன். "ஜென் தோப்ரி"ன்னாரு.

அன்னையிலேருந்து அதுதான். வெள்ளிக்கிழமை ஜாடி இல்ல, தபால் படிக்கது இல்ல. ஜென் தோப்ரி ஏறும்போது, ஜென் தோப்ரி இறங்கும்போது. இத நான் சகிக்க முடியாமத்தான் சொல்லுதேன் தம்பி. நம்ம ஊர்னா ஏலேன்னு சட்டையப் பிடிச்சு நாலு வார்த்தை வைவான், நாமளும் வைவோம், மறுநாள் டீக்கடையில பழையபடி ஒண்ணா நிப்போம். இவரு வையவே இல்ல. வையாத மனுசங்கிட்ட என்னன்னு போய்ச் சமாதானம் பேசுறது?

என் பக்கத்துலேருந்து நான் செய்ய வேண்டியதச் செஞ்சேன். சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு கிலோ பட்டன் காளான் வாங்கி அவரு கதவுல தொங்கவிட்டேன். மறுநாள் பெல் அடிச்சு அந்தப் பைய அப்படியே திருப்பித் தந்தாரு. "இது காளான் இல்ல"ன்னாரு. எவ்வளவு கர்வம் பாருங்க.

கிறிஸ்துமஸுக்கு மக வந்துச்சு. எதிர்வீட்ல பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில ஒரு தட்டு கூடப் போட்டு வைப்பாங்களாம். யாராவது கதவத் தட்டினா உக்கார வச்சுச் சோறு போடணும்னு வழக்கம். எங்க ஃபோர்மேன் சொல்லித் தெரியும். நான் குளிச்சு, சட்டை மாத்தி, ரெடியாத்தான் இருந்தேன். எட்டு மணி வரைக்கும் இருந்தேன். யாரும் வந்து கூப்பிடல. நானா போய்க் கதவத் தட்டணுமா? கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது? அதுக்கு மேல புளிச்சாதத்தச் சூடு பண்ணித் தின்னேன்.

பிப்ரவரியில ஒரு நாள் வேலை முடிஞ்சு வாறேன். மூணாவது மாடிப் படியில பான் ஹென்ரிக் உக்காந்திருக்காரு, பையில வாங்கின உருளைக்கிழங்கு படியெல்லாம் உருண்டு கெடக்கு. ஒரு பக்கம் வாய் கோணிருக்கு. நாந்தான் ஆம்புலன்சக் கூப்பிட்டேன், நாந்தான் கூடப் போனேன். ஏவாவுக்கும் நாந்தான் போன் பண்ணிச் சொன்னேன்.

அப்புறம் பேச்சு வரல அவருக்கு. ஏவா ரெண்டு வாரம் இருந்துட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பேன். மூணாவது தடவ போனப்ப பக்கத்துக் கட்டில் காலியா இருந்துச்சு. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, எல்லாத்தையும் சொன்னேன். சவரிமுத்துகிட்டச் சொன்னது, வேன், பிரியாணி, சின்னதப் பிடுங்கினது, பாக்கெட் என்னோடதுதான்னு எல்லாம். தமிழ்லதான் சொன்னேன். போலிஷ்ல அவ்வளவு எனக்கு வராது. வந்தாலும் சொல்லிருப்பேனோ என்னமோ. அவரு கண்ண எடுக்காமக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டாரு. புரிஞ்சிருக்காது. புரிய வழியே இல்லலா?

ஏப்ரல்ல போய்ச் சேந்துட்டாரு. அடக்கம் முடிஞ்சு எல்லாருக்கும் கோழி சூப்பு குடுத்தாங்க. உறைப்பு கெடையாது. குடிச்சேன்.

வீட்டக் காலி பண்ண வந்த ஏவா என் கதவத் தட்டுச்சு. "அப்பா உங்களக் காளான் எடுக்கக் கூட்டிட்டுப் போனாருல்ல?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "அந்த இடம் எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையில ரெண்டு தடவ போயிருக்கேன், வழி ஞாபகம் இல்ல. பெரியவளானப்புறம் கேட்டேன், அயர்லாந்துலேருந்து திரும்பி வந்தாச் சொல்லுதேன்னு சொல்லிட்டாரு. இப்ப உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். என்னக் கூட்டிட்டுப் போவீங்களா?"

பாத்தீங்களா தம்பி? பெத்த மகளுக்கே சொல்லல. எப்படிப்பட்ட சனம்னு நீங்களே பாத்துக்கிடுங்க. மகளுக்குச் சொல்லாதத எதிர்வீட்டு வெல்டருக்குச் சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

போன செப்டம்பர்ல வந்துச்சு. கூட்டிட்டுப் போனேன். பயந்துக்கிட்டேதான் போனேன். பாசி முக்காவாசி மூடிருந்துச்சு. காளான் ஏழு கெடச்சுது. ஏழே ஏழு. சின்னதா ரெண்டு இருந்துச்சு, அத விட்டுட்டோம். நான் அறுத்து, பாசியால மூடினேன். ஏவா அதப் பாத்துக்கிட்டே அழுதுச்சு. எழுந்து மூக்கத் துடைச்சுட்டு, "இந்த இடம் வேற யாருக்காவது தெரியுமா?"ன்னுச்சு.

"நிகோமு"ன்னேன். "யாருக்கும் நான் சொல்லல."

பொய்தான். ஆனா முழுப் பொய்னும் சொல்ல முடியாது. எட்டு பேருல ஆறு பேரு நார்வே போயிட்டாங்க. சவரிமுத்தும் இன்னொருத்தனும் மட்டும் இங்க இருக்காங்க. சவரிமுத்து இந்தத் தடவ ஆகஸ்ட் மாசமே ஆரம்பிச்சுட்டான், அண்ணாச்சி, மழை பெஞ்சிருக்கு, வேன் சொல்லட்டுமான்னு. அந்தப் பக்கம் மரத்துக்கு நோய் வந்து விசமருந்து அடிச்சுட்டாங்க, அஞ்சு வருசத்துக்குத் திங்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குன்னு சொல்லிட்டேன். நம்பிட்டான். தன்னோட போன்ல அந்த இடத்தக் குறிச்சு வச்சிருந்ததையும் அழிச்சுட்டான், நானே பக்கத்துல இருந்து பாத்தேன்.

வர்ற சனிக்கிழமை ஏவா வருது. திரும்பவும் போறோம்.

எந்த இடம்னா கேக்கீங்க? சும்மா ஒரு காடு தம்பி. எல்லா ஊர்லயும் இருக்க மாதிரி ஒரு காடு. ஆமா, ரயில்லதான் போகணும். எந்த ஸ்டேஷன்னு பேரு வாயில வர மாட்டேங்குது, இவங்க ஊர்ப் பேரெல்லாம் அப்படித்தான். வேலைக்கு வந்த இடத்துல உங்களுக்கு எதுக்குக் காளான். பெட்டிய எடுத்துக்கிடுங்க, அடுத்தது மால்போர்க்.